தொண்டையில் நின்ற நஞ்சு

தண்ணீரைச் சுத்தம் செய்யும் நானோ துகள்கள் வந்துவிட்டன. அவை நிறைந்துபோனால் மாற்றுவது யார்?

வருடத்தில் பத்து மாதம் பிச்சாட்டூர் என்ற பெயர் தமிழ்நாட்டில் யார் வாயிலும் வராது. சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி போகும் பஸ் பயணிகளுக்கு அது வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் நிலைமை மாறிவிடும். ஆரணியாற்றின் குறுக்கே அங்கே இருக்கும் அணை நிரம்பும். மதகுகள் திறக்கப்படும். எல்லைக்கு இந்தப் பக்கம் திருவள்ளூர் மாவட்டத்தில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை போகும். ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்ற கதை பல வருடங்கள் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. பிறகு வெள்ளம் வடிந்து பழவேற்காடு ஏரியைச் சேரும். பிச்சாட்டூரும் செய்தியிலிருந்து மறைந்துவிடும்.

அந்தச் செய்திகளில் தவறாமல் இடம்பெறுவது ஓர் எண். விநாடிக்கு இத்தனை கன அடி. தண்ணீர் பற்றி நாம் பேசுவதெல்லாம் இப்படி அளவுக் கணக்காகத்தான் இருக்கிறது. காவிரி என்றால் டி.எம்.சி., பூண்டி என்றால் அடி, கோடை வந்தால் ஒரு நாளைக்கு எத்தனை லாரி. கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொண்டுவர 1983-ல் ஒப்பந்தம் போட்டோம். 1996-ல் அது ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயிண்ட்டைத் தொட்டபோது கொண்டாடினோம். எவ்வளவு வந்தது என்று வருடாவருடம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வந்த தண்ணீரில் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆரணியாற்றைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தரம் என்பது கண்ணுக்குத் தெரியாத விஷயம். அதனால்தான் அது செய்தியாவதில்லை.

கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க நம்மவர்களுக்கு எப்போதோ தெரியும். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துவிட்டால் மண் அடியில் படிந்துவிடும். கலித்தொகைக் காலத்திலேயே இந்த வித்தை பழக்கத்தில் இருந்திருக்கிறது. கிருமியைக் கொல்லக் காய்ச்சிக் குடித்தோம், பிறகு குளோரின் போட்டோம். ஆனால் தண்ணீரில் கரைந்து கிடக்கும் நஞ்சு வேறு ஜாதி. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

இந்தியாவில் இந்த ரக நஞ்சு மருத்துவ ஏட்டில் முதலில் பதிவானது பிச்சாட்டூருக்கு வடக்கே, பழைய சென்னை ராஜதானியின் நெல்லூர் மாவட்டத்தில்தான். 1937-ல் ஷார்ட் என்ற ஆங்கிலேய டாக்டரும் அவரது சகாக்களும் அங்கே கிராமத்து மக்களின் பல்லில் விழுந்த கறைக்கும், முதுகெலும்பு மரம்போல் விறைத்துப்போவதற்கும் கிணற்று நீரிலிருந்த ஃப்ளூரைடுதான் காரணம் என்று எழுதினார்கள். அதற்கு முன்பே அந்தப் பக்கத்து விவசாயிகள் தங்கள் உழவு மாடுகள் காரணம் தெரியாமல் நொண்டுவதைக் கவனித்திருந்தார்கள் என்பது இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. மாட்டுக்கு வந்தது பிறகு மனிதனுக்கும் வந்தது.

இந்தத் துன்பத்தைக் கொண்டுவந்தது எந்த ஆலையும் இல்லை. பாறையிலேயே இருக்கும் ஃப்ளூரைடு மெல்லக் கரைந்து நிலத்தடி நீரில் கலக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை வரை. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் ஒரு தண்ணீர் லாரியில் பதினைந்து கிராம் என்று கணக்கு. ஆர்சனிக் விஷயத்தில் வரம்பு இன்னும் இறுக்கமானது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதே லாரியில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. மேற்கு வங்கத்தில் 1980-களின் தொடக்கத்தில் தோல் நோயாளிகளைப் பரிசோதித்த டாக்டர்கள் குழாய்க் கிணறுகளைச் சந்தேகித்தபோதுதான் அந்தச் சிட்டிகையின் மகிமை நாட்டுக்குத் தெரிந்தது. குளத்து நீரில் காலரா இருக்கிறது, குழாய்க் கிணறு பத்திரம் என்று அரசாங்கமே சொல்லித் தோண்டவைத்த கிணறுகள் அவை.

ஒரு லாரித் தண்ணீரில் ஒரு சிட்டிகையைத் தேடிப் பிடிப்பது எப்படி? இதற்கு விடை பிச்சாட்டூரிலிருந்து ஊத்துக்கோட்டை வரும் வழியில், அதே ஆரணியாற்றங்கரையில், கோயில் ஒன்றில் படுத்திருக்கிறது என்றால் விளையாட்டாகத் தோன்றும். சுருட்டப்பள்ளியில் சிவன் லிங்கமாக மட்டும் இல்லை. ஆலகால விஷத்தை அருந்திய களைப்பில் அம்பாள் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்டிருக்கிறார். பாற்கடலில் பரவிய நஞ்சை ஒரே இடத்தில் வாங்கித் தொண்டையில் நிறுத்திக்கொண்டார் என்பது கதை. நஞ்சு அழியவில்லை. இடம் மாறியது. கடல் பிழைத்தது.

ரசாயனத்தில் இதற்குப் பரப்புக் கவர்தல் என்று பெயர். ஸ்பாஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது உறிஞ்சுதல். ஒரு பொருள் தன் மேற்பரப்பில் மட்டும் இன்னொன்றை ஒட்டவைத்துக்கொள்வது பரப்புக் கவர்தல். அப்படியானால் மேற்பரப்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு நஞ்சு பிடிபடும். நானோ சமாச்சாரம் இங்கேதான் உள்ளே வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரம். சர்க்கரைக் கட்டி என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆறு முகங்களையும் கூட்டினால் ஆறு சதுர சென்டிமீட்டர், ஒரு தபால் தலை அளவு. அதையே ஒரு நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக வெட்டுகிறோம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். பொருளின் எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் எல்லாத் துண்டுகளின் மேற்பரப்பையும் சேர்த்தால் 6,000 சதுர மீட்டர் வருகிறது. ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால் 27 கிரவுண்டு. ஒரு சர்க்கரைக் கட்டிக்குள் இத்தனை மனைக்கட்டு ஒளிந்திருக்கிறது. போதாக்குறைக்கு அந்த அளவில் பெரும்பாலான அணுக்கள் விளிம்பிலும் மேற்பரப்பிலும் இருப்பதால் பக்கத்தில் வருவதைப் பற்றிக்கொள்ளும் துடிப்பும் அதிகம்.

இந்த மனைக்கட்டில்தான் நவீன வேதியியலின் பாதி வியாபாரம் நடக்கிறது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கட்டாயமான வினையூக்கி மாற்றியைக் கழற்றிப் பார்த்தால், தேன்கூடு போன்ற பீங்கானின் மேல் பிளாட்டினம், பல்லேடியம் துகள்கள் தூவப்பட்டிருக்கும். புகை அந்தத் துகள்களின் மேல் பட்டு நச்சுத்தன்மை குறைந்து வெளியே போகும். மின்சாரத்தைச் சேமிக்கும் சூப்பர் கெபாசிட்டரிலும் கதை அதேதான். துளைகள் நிறைந்த கார்பனின் மேற்பரப்பில் மின்னேற்றமுள்ள அயனிகள் வந்து வரிசைகட்டுகின்றன. அந்தக் கருவியையே கொஞ்சம் மாற்றி, இரண்டு கார்பன் தகடுகளுக்கு நடுவே உப்புத் தண்ணீரை ஓடவிட்டு, டார்ச் செல்லின் வோல்டேஜைவிடக் குறைவாகக் கொடுத்தால் உப்பின் அயனிகள் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் இனிக்கும். மின்சாரத்தைத் திருப்பினால் உப்பு கழன்று வெளியேறும். செலவான மின்சாரத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் பெறலாம். மின்சாரச் சேமிப்பும் தண்ணீர்ச் சுத்திகரிப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்த அறிவைக் குடிதண்ணீர்ப் பானைக்குக் கொண்டுவந்த வேலையில் கணிசமான பங்கு சென்னை ஐஐடிக்கு உண்டு. அங்கே வேதியியல் பேராசிரியரான டி. பிரதீப், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்துக்காரர். தங்கம், வெள்ளித் துகள்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவரது குழு, குளோரின் போன்றவை சேர்ந்த கார்பன் சேர்மங்கள் இந்தத் துகள்களின் மேல் பட்டதும் சிதைந்துபோவதைக் கண்டது. நம் பூச்சிமருந்துகளில் பல இந்த ரகம்தான். எண்டோசல்ஃபானைத் துகள்களால் கண்டுபிடித்துப் பிரித்தெடுப்பது பற்றி அவர்கள் 2003-ல் எழுதினார்கள். அதே 2003-ல்தான் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் முதலில் பாட்டில் தண்ணீரிலும் பிறகு குளிர்பானங்களிலும் பூச்சிமருந்து இருக்கிறது என்று போட்டு உடைத்து நாட்டையே கலக்கியது. நேரம் கூடிவந்தது. 2007-ல் யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் இந்தக் கண்டுபிடிப்பை உள்ளே வைத்து வீட்டு உபயோக வடிகட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மத்திய அரசு ஆயிரம் கோடி ரூபாய் ஒதுக்கி நானோ மிஷனை ஆரம்பித்ததும் அதே வருடம்.

வடிகட்டி வாங்க வசதியுள்ளவர்களுக்கு அது சரி. வங்காளத்துக் கிராமத்துக்கு? பிரதீப் குழு அடுத்துப் போனது இரும்புக்கு. துரு இனத்தைச் சேர்ந்த இரும்புச் சேர்மம் ஒன்று ஆர்சனிக்கை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதை நுண்துகளாகத் தண்ணீரில் போட்டால் நஞ்சோடு துகளும் வயிற்றுக்குள் போகும். எனவே துகளை எதிலாவது கட்டிப்போட வேண்டும். கயிறாகக் கிடைத்தது கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் பொருள். நெல்லூர்க் கடற்கரை நெடுக இறால் பண்ணைகள் வைத்திருக்கும் நமக்கு இந்த மூலப்பொருளுக்குப் பஞ்சம் வராது. கைட்டோசான் வலைக்குள் நானோ துகள்கள் சிக்கிக்கொண்டு மணல்போல் கையில் அள்ளக்கூடிய குருணையாகிவிடும். தண்ணீர் ஊடே ஓடும், துகள் தங்கிவிடும். உலை வேண்டாம், மின்சாரம் வேண்டாம், சாதாரண வெப்பத்தில் தண்ணீரிலேயே தயாரித்துவிடலாம்.

2013-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதெமியின் இதழில் இந்த வகைப் பொருளைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையில் கவனிக்கவேண்டிய எண்கள் இரண்டு. கிருமியைக் கொல்வதற்காகச் சேர்த்த வெள்ளி, தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம் அளவில் சீராகக் கசியும். அனுமதிக்கப்படும் வரம்பு 100. மற்றது, ஒரு குடும்பத்துக்கு வருடச் செலவு இரண்டரை டாலர், அன்றைய மதிப்பில் நூற்றைம்பது ரூபாய்க்கும் குறைவு. இதே பரம்பரையில் வந்த ஆர்சனிக் நீக்கும் தொழில்நுட்பத்துக்கு 'அம்ரித்' என்று பெயர். வங்காளம் உள்ளிட்ட மாநிலங்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் அதன் தண்ணீர் போய்ச் சேர்ந்ததாக அந்தக் குழு கணக்குச் சொல்கிறது. 2020-ல் பிரதீப்புக்குப் பத்மஸ்ரீ வந்தது. 2022-ல் சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பெயரிலான தண்ணீர்ப் பரிசும் கிடைத்தது.

ஆக, கதை சுபமாக முடிந்துவிட்டதா? இல்லை. இனிமேல்தான் ஆரம்பம்.

சுருட்டப்பள்ளி உவமையை மறுபடி எடுத்துக்கொள்வோம். ஈஸ்வரனின் தொண்டைக்கு வரம்பு கிடையாது. துகளின் மேற்பரப்புக்கு உண்டு. இருபத்தேழு கிரவுண்டும் நிரம்பிவிட்டால் அடுத்து வரும் நஞ்சுக்கு இடமில்லை. அது நேராகக் குழாய் வழியே டம்ளருக்கு வரும். தண்ணீரின் நிறம் மாறாது, ருசி மாறாது, ஓடும் வேகம்கூடக் குறையாது. பழைய கேண்டில் ஃபில்டர் அழுக்கடைந்தால் சொட்டுவது நின்று, தானே காட்டிக்கொடுத்துவிடும். பரப்புக் கவரும் குருணைக்கு அந்த நாணயம் கிடையாது. நேற்றுவரை காப்பாற்றியது இன்று கைவிட்டது என்பதைச் சோதனைச்சாலையைத் தவிர யாரும் அறியமாட்டார்கள். போதாததற்கு, தண்ணீரில் இயற்கையாகவே இருக்கும் பாஸ்பேட்டும் சிலிக்காவும் ஆர்சனிக்கோடு அதே இடத்துக்குப் போட்டியிடும். ஆய்வுக்கூடத்தில் ஒரு வருடம் தாங்கியது ஓர் ஊரில் எட்டு மாதத்திலும் இன்னோர் ஊரில் நாலு மாதத்திலும் நிரம்பலாம்.

இது பயமுறுத்தல் இல்லை, நடந்திருக்கிறது. நானோ குருணைகளுக்கு முன்பே மேற்கு வங்கத்தில் பல கம்பெனிகளின் ஆர்சனிக் நீக்கும் கருவிகள் ஆயிரக்கணக்கில் கிணறுகளில் மாட்டப்பட்டன. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி குழு அவற்றில் சிலவற்றை இரண்டு வருடம் விடாமல் சோதித்து 2005-ல் முடிவை வெளியிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்புக்குள் தொடர்ந்து நின்ற கருவி ஒன்றுகூட இல்லை. எல்லாமே கம்பெனிகளின் விளம்பரத் தாளில் ஜெயித்தவை. அடைத்துக்கொண்ட கருவிகளைக் கழுவ ஆளில்லை, நிறைந்ததை மாற்றப் பணமில்லை, பழுதானதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கருவி இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஜனங்கள் மட்டும் தொடர்ந்து குடித்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஊரில் சந்தேகமாவது மிச்சமிருக்கும்.

ஃப்ளூரைடின் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. நாக்பூரின் நீரி ஆய்வகம் 1970-களில் நல்கொண்டா முறையைக் கொடுத்தது. படிகாரம், சுண்ணாம்பு, கொஞ்சம் பிளீச்சிங் பவுடர். கலக்கி, படியவிட்டு, மேல்நீரை எடுத்துக்கொள்ளவேண்டியது. மளிகைக் கடையில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டு செய்யக்கூடிய அருமையான வழி. ஆனால் தண்ணீருக்குத் தக்கபடி படிகாரத்தை அளந்து போட வேண்டும், அடியில் தேங்கும் சேற்றை அப்புறப்படுத்த வேண்டும், இதைத் தினம் தினம் செய்ய வேண்டும். மூன்றாவது நிபந்தனையில்தான் பல ஊர்களில் முறை தோற்றது. கடைசியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் தமிழக அரசு தண்ணீரையே மாற்றிக்கொடுத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஜப்பானியக் கடனோடு, காவிரியைக் குழாயில் ஏற்றிய ஒகேனக்கல் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. பக்கத்தில் காவிரி இருந்தால் அதுவே சிறந்த மருந்து. காவிரி இல்லாத ஊர்கள்தான் அதிகம்.

அப்படிப்பட்ட ஊர்களில் இன்று ஆட்சி செய்வது ஆர்.ஓ. கடைக்கோடிக் கிராமத்திலும் இருபது லிட்டர் கேன் வந்துவிட்டது. ஆந்திராவில் 2014-ல் இரண்டு ரூபாய்க்கு இருபது லிட்டர் என்று அரசே திட்டம் அறிவித்தது. ஆர்.ஓ. நன்றாகவே வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் அது நஞ்சோடு நல்ல உப்பையும் சேர்த்து வெளியேற்றும். உள்ளே போகும் தண்ணீரில் கணிசமான பங்கு கழிவாக வெளியே ஓடும். தேவையில்லாத இடத்தில் ஏன் இந்த வீண் என்று கேட்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்கும்படி 2019-ல் சொன்னது. போர்வெல்லுக்குத் தண்ணீர் தேடி ஆயிரம் அடி போகும் பூமியில், மேலே வந்ததில் பாதியைச் சாக்கடையில் விடுவது எந்த ஊர் நியாயம்? நஞ்சை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடித்து, மற்றதை அப்படியே விட்டுவிடும் குருணைக்கு இங்கேதான் நியாயமான இடம் இருக்கிறது.

இடம் கொடுப்பதற்கு முன் இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். பிடித்த நஞ்சு எங்கே போகும்? லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆர்சனிக் உள்ள கிணற்றிலிருந்து தினமும் பத்தாயிரம் லிட்டரைச் சுத்தம் செய்தால், குருணையில் ஒரு நாளைக்கு ஒரு கிராம் சேரும். வருடத்துக்கு 365 கிராம். ஓர் ஆளைக் கொல்ல ஒரு கிராமில் சிறு பகுதியே போதும் என்றால், பஞ்சாயத்து ஆபீஸ் ஓரத்துத் தொட்டிக்குள் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப்பாருங்கள். குருணையோடு ஒட்டியிருக்கும்வரை பயமில்லை. அதை ஏரிக்கரையிலோ குப்பை மேட்டிலோ கொட்டினால் கதை வேறு. காற்றுப் புகாத சேற்றில் புதைந்தால் இரும்புத் துரு மெல்லக் கரையும், பிடித்துவைத்த ஆர்சனிக்கை விட்டுவிடும். வங்காளத்து நிலத்தடி நீருக்குள் ஆர்சனிக் வந்த வழியே பெரும்பாலும் இதுதான் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆயிரக்கணக்கான வருடங்களில் இயற்கை செய்ததைச் சில வருடங்களில் நாமே செய்துமுடிப்போம். சில குருணைகளைக் காரக் கரைசலால் கழுவித் திரும்பவும் பயன்படுத்தலாம். அப்போதும் கழுவிய நீரில் நஞ்சு காத்திருக்கும். ஆலகாலம் எங்கும் போய்விடவில்லை.

இதற்கெல்லாம் வழி இல்லாமலில்லை. 2009 டிசம்பரில் டாடா கம்பெனி ஆயிரம் ரூபாய்க்குள் 'ஸ்வச்' என்ற வடிகட்டியைக் கொண்டுவந்தது. உமிச் சாம்பல், அதன் மேல் வெள்ளி நானோ துகள். மின்சாரமும் வேண்டாம், குழாய் நீரும் வேண்டாம். அது பிடித்தது கிருமியைத்தான், கரைந்த நஞ்சை அல்ல. ஆனால் அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. சுமார் 3,000 லிட்டர் ஓடியதும் கார்ட்ரிட்ஜ் தானே தண்ணீரை நிறுத்திவிடும். 'என் காலம் முடிந்தது, மாற்று' என்று சொல்லத் தெரிந்த கருவி. வெள்ளித் துகளைவிட இந்த நாணயம்தான் அதன் பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஊர்ப் பொதுநிலையத்தில் இதைச் செய்யப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். எத்தனை லிட்டர் ஓடியது என்று காட்டும் ஒரு மீட்டர், மாதம் ஒரு சோதனை, முடிவை எழுதி மாட்ட ஒரு பலகை போதும்.

சோதனை செய்ய ஆளும் இருக்கிறார்கள். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் என்ற இலக்கோடு நிற்கவில்லை. கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குச் சிறு சோதனைப் பெட்டியைக் கொடுத்துப் பயிற்சி தரவும் வழி செய்தது. சில சொட்டு மருந்தை விட்டு நிற மாற்றத்தை அட்டையோடு ஒப்பிட்டால் ஃப்ளூரைடு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். சோதனைக்குழாயைக் கையில் பிடிக்கும் அந்தப் பெண்மணிக்கு, எண் மோசமாக வந்தால் நிலையத்தை நிறுத்தும் அதிகாரமும் உண்டா என்பதே விஷயம். ஒப்பந்தக்காரருக்குப் பணம் பட்டுவாடா ஆவது கருவியை நிறுவியதற்கா, அல்லது ஐந்து வருடம் நல்ல தண்ணீர் கொடுத்ததற்கா என்பதும் அதே அளவு முக்கியம். முதல் வகையில் எழுதப்பட்ட டெண்டரில் எந்த நானோவும் வேலை செய்யாது.

பிச்சாட்டூர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில், திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நடுவே ஏர்ப்பேட்டில் ஓர் ஐஐடியே இருக்கிறது. 2013 கட்டுரையில் பெயர் உள்ள ஆய்வாளர்களில் ஒருவரான ஷிஹாபுதீன் மலியக்கல் பிறகு அங்கே பேராசிரியராகச் சேர்ந்தார். 2015-ல் தொடங்கிய இந்த நிறுவனத்துக்கும், அதே வருடம் திருப்பதிக்கு வந்த ஐசருக்கும் சோதனைச்சாலைக்காக வெகுதூரம் போகவேண்டிய தேவையில்லை. சுற்றிலும் உள்ள மண்டலங்களின் கிணறுகளே பெரிய சோதனைச்சாலை. எந்தக் கிணற்றில் என்ன இருக்கிறது, எந்தக் குருணை எத்தனை மாதம் தாங்குகிறது, கழிவை எங்கே சேர்ப்பது என்று பத்து வருடம் விடாமல் கணக்கு வைத்தால் அதற்குப் பன்னாட்டு இதழில் பெரிய மதிப்பு கிடைக்காமல் போகலாம். ஆரணியாற்றங்கரைக்கு அதுதான் அதிகம் பயன்படும். மாணவர்களுக்கும் புதுப் பொருள் செய்த கட்டுரைக்குக் கிடைக்கும் மரியாதை, பழைய பொருள் ஏன் ஊரில் தோற்றது என்ற கட்டுரைக்கும் கிடைக்க வேண்டும்.

எல்லைக் கோட்டுக்கு இரு புறமும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர்கள் இவை. மேலே திறந்துவிட்டால் கீழே வெள்ளம், மேலே நிறுத்தினால் கீழே வறட்சி என்பதில் இரு மாநில அதிகாரிகளுக்கும் நல்ல பழக்கம் உண்டு. மதகு திறப்பதற்கு முன் போன் போகிறது, தண்டோரா போடப்படுகிறது. ஆறு கொண்டுபோகும் தண்ணீரின் அளவைச் சொல்ல இத்தனை ஏற்பாடு இருக்கும்போது அதன் தரத்தைச் சொல்லவும் ஓர் ஏற்பாடு செய்யமுடியாதா? அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் நாளைக்கே போய் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாகத் தண்ணீரைச் சோதித்த தேதி என்ன? குருணையை அல்லது மெம்பரேனை மாற்றிய தேதி என்ன? கழற்றிய பழையதை எங்கே போட்டீர்கள்? முதல் இரண்டுக்கும் தேதி சொல்பவர் கிடைத்தால் உங்கள் ஊர் அதிர்ஷ்டம் செய்தது. மூன்றாவதற்கும் பதில் வந்தால் அவரது பெயரை எனக்கு எழுதுங்கள். இந்தப் பத்தியில் அடுத்து அவரைப் பற்றித்தான்.